பெட்டிக்குப் பச்சை இடம்

நரிக்கல் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் கூரை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரை, ஒழுகினால் அதைச் சொல்வதற்கு முறை ஒன்று உண்டு. தொழிலாளி கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை கண்டாக்கிடம், கண்டாக்கு சின்னத் தொரையிடம், சின்னத் தொரை பெரிய தொரையிடம். பெரிய தொரை கொழும்புக்கு எழுதுவார். கொழும்பு சொல்லும் பதில் அதே படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி லயத்துக்கு வந்து சேர்வதற்குள் மழை முடிந்து வெயில் அடிக்கும். வெயிலில் எந்தக் கூரையும் ஒழுகுவதில்லை. ஆகவே முறைப்பாடு தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த தோட்டத்தில் கம்பனி என்ன குறை கண்டதோ தெரியவில்லை, ஒருநாள் லொறியில் ப்ராக்ஸிப் பெட்டி வந்து இறங்கியது.

பெட்டி வரும் முன்பே அதற்கு வீடு தயாராகிவிட்டது. அலுவலகத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டி, கொங்கிரீட் போட்டு, தரைக்கு மாபிள் பதித்து, உள்ளே குளிரூட்டியும் பூட்டினார்கள். டயகமப் பக்கத்துக் குளிரில் நாய்கூட அடுப்படியை விட்டு நகராது. அந்தக் குளிர் பெட்டிக்குப் போதாதாம். கலியாண மண்டபம் போலிருந்த அந்த அறையின் நடுவில், ஒரு பிஸ்கட் டின்னை மிதித்துத் தட்டையாக்கியது போன்ற சாமான் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்தது. இத்துணூண்டு பெட்டிக்கு இவ்வளவு பெரிய அறை எதற்கு என்று கண்டாக்கு கேட்டதற்கு, வருங்காலத்தில் பெட்டி வளரக்கூடும் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது.

சோலைமலை என்ற தொழிலாளியைப் பெட்டிக்குக் காவலாக, வாட்சராகப் போட்டார்கள். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து விழுந்ததில் அவருக்கு இடது கால் இழுக்கும். மலையேறி வேலை செய்ய முடியாது. அதைவிடப் பெரிய தகுதி ஒன்றும் இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த ஆள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்று கண்டாக்கு நற்சான்று கொடுத்தார். கம்பனி அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தது.

"நம்ம காம்பராவுல மழை பேஞ்சா பாயச் சுருட்டிக்கிட்டு மூலைக்கு மூல ஓடுறோம். அங்க இரும்புக்கு விசிறி விடுறீங்களாக்கும்," என்றாள் அவர் மனைவி பூரணி. அவள் கொழுந்து எடுப்பவள். அவளுடைய கூடைக்கும் நாக்குக்கும் ஓய்வே கிடையாது.

"மெதுவாப் பேசு. பெட்டிக்குக் கேக்கும்," என்றார் சோலைமலை. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

பெட்டியோடு கூடவே ஒரு அதிகாரியும் வந்து சேர்ந்தார். பெயர் துஷாந்த். நுவரெலியாப் பையன், கொழும்பில் ஒரு கிழமை, ஏழே நாள், பயிற்சி எடுத்தவர், பதவி 'வலைப் போக்குவரத்து முகாமையாளர்'. போக்குவரத்து என்றதும் பஸ் விடப் போகிறார்கள் என்று தோட்டம் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. பிறகு அவர் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், ஒரு பலகையை நட்டு வைத்து 'இன்றியமையாத கலைச்சொற்கள்' என்று எழுதினார். இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளாத எவரும் தோட்டத்து இன்டர்நெட்டைத் தொடக்கூடாது என்பது கம்பனி உத்தரவு.

"ப்ராக்ஸி," என்றார் துஷாந்த், பலகையில் தட்டி. "அப்பிடின்னா பதிலாள். நீங்க யாரும் நேரா இன்டர்நெட்டுக்குப் போக ஏலாது. என்ன வேணுமோ பெட்டிக்கிட்டக் கேக்கணும். பெட்டி உங்களுக்காக வெளிய போயி வாங்கியாந்து குடுக்கும். வெளிய இருக்கிறவனுக்கு நீங்க யாருன்னே தெரியாது. அவனுக்குப் பெட்டியை மட்டுந்தான் தெரியும். இது ரொம்பக் கஷ்டமான விஷயம், மெதுவாத்தான் வெளங்கும்."

"கங்காணி மாதிரிங்களா சேர்?" என்றான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அழகுமுத்து.

"இல்ல இல்ல. இது நவீன தொழில்நுட்பம்."

"நாங்க சொல்றத அவருதான் கொண்டு போவாரு. நாங்க யாருன்னே தொரைக்குத் தெரியாது. சரியாத்தானுங்களே வருது?"

கங்காணி தரையைப் பார்த்தார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க விளக்க வேண்டியதை ஒரு நிமிஷத்தில் விளங்கிக்கொண்டால் எந்த அதிகாரிக்குத்தான் கோபம் வராது? துஷாந்த் அடுத்த சொல்லுக்குத் தாவினார்.

பில்டர் என்றால் எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று பெட்டியே தரம் பிரிப்பது. பேண்ட்வித் என்றால் பீலிக் குழாயில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பது. "முதல் வாளி யாரு வைக்கிறதுங்க?" என்று பூரணி கேட்டாள். முதல் வாளி பங்களாவுக்கு, இரண்டாவது அலுவலகத்துக்கு, மூன்றாவது ஸ்டோருக்கு, மிச்சம் சொட்டினால் டிஸ்பென்சரிக்கு என்று துஷாந்த் சொன்னார். அதுவும் எல்லோருக்கும் உடனே விளங்கியது.

கடைசிச் சொல் கேஷ். "ஒருக்கா வாங்கியாந்த பக்கத்தைப் பெட்டி ஒரு பிரதி எடுத்து வச்சுக்கும். அதையே அடுத்த ஆள் கேட்டா திரும்பவும் வெளிய அலையாது. வச்சிருக்கிறதையே எடுத்துக் குடுக்கும். நேரமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்."

"பழசாப் போயிடாதுங்களா?"

"அதுக்குத்தான் காலாவதி நேரம்னு ஒன்னு இருக்கு. அது முடிஞ்சதும் பெட்டி புதுசாப் போயி வாங்கிக்கும். அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது நான்," என்றார் துஷாந்த். அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் சற்று உயரமானார்.

காலாவதி நேரத்தை அவர் ஒரு வருஷம் என்று வைத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. எந்தத் தோட்டம் வெளி இன்டர்நெட்டுக்கு ஆகக் குறைவாகப் போகிறதோ அந்தத் தோட்டத்துக்குக் கேடயம் என்று கம்பனி அறிவித்திருந்தது. போக்குவரத்தை முகாமை செய்வதற்கு மிகச் சிறந்த வழி யாரும் எங்கும் போகாமலிருப்பது என்று கொழும்பில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முதல் கிழமை பில்டர் தன் வேலையைக் காட்டியது. தேயிலை ஏல விலை போடும் பக்கத்தைப் பெட்டி 'கடைத்தெரு, பொழுதுபோக்கு' என்று வகை பிரித்து மறித்துவிட்டது. தன் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் தோட்டம் தேயிலை அனுப்பியது. டிஸ்பென்சரி ஐயா தாய்ப்பால் பற்றிய பக்கம் ஒன்றைத் திறக்கப்போய், ஒழுக்கக்கேடு என்று அவர் பெயர் சிவப்பில் பதிவாகி, கண்டாக்கு முன்னால் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் கேஷைப் பற்றி எல்லோருக்கும் திருப்தி. பக்கங்கள் தட்டியவுடன் திறந்தன. கினிகத்தேனையில் காலமான ஒரு பெரியவரின் மரண அறிவித்தல் தினமும் புத்தம்புதிதாக வந்தது. தூரத்து உறவான ஸ்டோர் கிளாக்கர் இரண்டு தடவை மாலையோடு போய்விட்டு வந்தார். இரண்டாம் தடவை அங்கே கருமாதிச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கிரிக்கெட்டில் இலங்கை அணி தினமும் அதே மேட்சில் வென்றது. பெரிய தொரைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் வெற்றியைப் படித்துவிட்டு அவர் நல்ல மனத்தோடு கையெழுத்துப் போட்டார். வானிலைப் பக்கம் வெயில் என்றது. ஐப்பசி அடைமழையில், வெயில் நாளுக்குரிய அளவு கொழுந்தைப் பறித்துத் தரச் சொல்லி ஆட்களை மலைக்கு அனுப்பினார்கள்.

"சேர், மழை கொட்டுதே," என்றாள் பூரணி, தலையில் போர்த்திய படங்கிலிருந்து தண்ணீர் வழிய.

"அது உள்ளூர் மழை," என்றார் துஷாந்த்.

கேடயம் நரிக்கல்லுக்கே கிடைத்தது. கொடுப்பதற்குக் கொழும்பிலிருந்து டிஜிட்டல் பணிப்பாளர் பிரதாப் வந்தார். அவர் வண்டி சேற்றில் புதைந்து, ஆட்கள் தூக்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். குடைக்குள் நின்று அவர் பேசினார்.

"இந்தத் தோட்டத்தைப் பாருங்கள். நூறு கேள்விகள் கேட்கப்பட்டால் ஒன்றே ஒன்றுதான் வெளியே போகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நம்மிடமே பதில் இருக்கிறது. இதுதான் நம் கம்பனியின் பாரம்பரியம். உங்கள் பாட்டன் பூட்டன் கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னோமோ அதே பதிலை உங்களுக்கும் சொல்லிவருகிறோம். அதை ஒரு இயந்திரம் இவ்வளவு வேகமாகச் செய்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது."

கைதட்டல் மழையில் கேட்கவில்லை.

அந்தக் கிழமைதான் மேட்டு லயத்தில், சோலைமலையின் காம்பராத் தரையில், ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் தலைமுடி போல இருந்தது. அடுத்த நாள் பூரணி அதில் விரலை விட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் ஒரு கரண்டிக் காம்பு இறங்கிப் போனது. கதவு நிலையில் பொருந்த மறுத்தது. பக்கத்துக் காம்பராக்களிலும் இதே கதை. பத்துப் பன்னிரண்டு குடும்பம் தரையைப் பார்த்தபடியே சாப்பிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கலாம் என்றால் வழியிலிருந்த பாலத்தை ஓயா வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சொல்லாமல் எங்காவது போனால் காம்பராவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சோலைமலைக்கு உறக்கம் போய்விட்டது. மலை இறங்கினால் பூரணி போவாள், லயமே போகும். இதைத் தவிர வேறெதுவும் அவர் மண்டையில் ஓடவில்லை.

கங்காணியிடம் சொன்னார்கள். வழமையான படிகளில் சங்கதி ஏறி, இந்தத் தடவை வேகமாகவே துஷாந்திடம் வந்தது. அவர் மண்சரிவு எச்சரிக்கை போடும் அரசாங்கப் பக்கத்தைப் பெட்டி வழியாகத் திறந்து, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. மேட்டு லயம் பச்சை. பச்சைன்னா ஆபத்து இல்ல."

"தரை பொளந்திருக்குங்க சேர்," என்றாள் பூரணி.

"பக்கம் பச்சையா இருக்கும்போது தரை பொளக்கிறது அதிகாரபூர்வமில்ல."

பூரணி மழையோடு சந்திக்கு நடந்தாள். அங்கே முனாப் நானாவின் கடையில் மட்டும்தான் டவர் பிடிக்கும். அரை மணித்தியாலத்தில் நானாவே சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, கைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, மேலே ஏறி வந்துவிட்டார். கடையிலேயே திறந்து வைத்துக் கொண்டுவந்த அதே அரசாங்கப் பக்கம். இன்றைய திகதி. மேட்டு லயம் கடும் சிவப்பு, உடனே வெளியேறவும் என்றிருந்தது.

துஷாந்த் கைபேசியைத் தொடாமலே பார்த்தார். "இது எது வழியா வந்தது?"

"டவர் வழியா, தம்பி."

"பெட்டி வழியா வரலியே. இது அங்கீகாரம் இல்லாத இன்டர்நெட். இத நம்பி நான் ஆட்கள எடத்த விட்டு எழுப்பினா, வெளிய போன கணக்கு கூடும். கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்க."

"யா அல்லா! செவப்பு எந்த வழியா வந்தாலும் செவப்புத்தானே தம்பி?"

"இல்ல நானா. கடை இன்டர்நெட் வேற, தோட்டத்து இன்டர்நெட் வேற."

"அப்ப பெட்டிகிட்ட புதுசா ஒருக்கா போயிப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

அதற்கும் முறை இருந்தது. கேஷைத் துடைக்க வேண்டுமென்றால் தலைமை அலுவலகப் பக்கத்தில் அனுமதி கேட்க வேண்டும். துஷாந்த் நேர்மையாக அந்தப் பக்கத்தையும் திறந்தார். 'இன்று போயா விடுமுறை' என்று வந்தது. பெட்டி என்றோ ஒரு பௌர்ணமி நாளில் எடுத்துவைத்த பிரதி அது. அந்தப் பிரதியை நம்பினால் தலைமை அலுவலகம் இந்த வருஷம் முழுவதும் திறக்காது.

கடைசியில் பெரிய தொரையிடம் போனார்கள். அவர் கெட்ட மனுஷர் அல்ல, பயந்த மனுஷர். தோட்டத்தில் பழகிய தமிழில் பேசினார்.

"நான் என்னா செய்ய? பெட்டி பச்சை சொல்லுது. நான் செவப்பு சொன்னா நான் பெட்டிக்கு மேல ஆகிடும். கொழும்பு கேக்கும்."

"அப்ப ஒன்னு செய்யுங்க தொரை," என்றாள் பூரணி. "பெட்டி ரூமு அம்மாம் பெரிசு. மழை விடுற வரைக்கும் எங்க எல்லாத்தையும் அங்க ஒரு மூலையில இருக்க விடுங்க. அது கொங்கிரீட்டு."

துஷாந்த் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். "அக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்க லயம் பச்சை. பெட்டி ரூம் இருக்கிற எடம், புதுசா மண்ணு வெட்டினதால, இதே பக்கத்துல மஞ்சள். பச்சையில இருக்கிற ஆட்களக் கொண்டுபோயி மஞ்சள்ல வைக்க எனக்கு மனச்சாட்சி எடம் குடுக்காது."

அப்போதுதான் சோலைமலை தன் வாழ்நாளின் முதல் கேள்வியைக் கேட்டார். கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை. பெட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாட்சர் தலையில்தானே விடியும் என்ற பயத்தில் கேட்டார்.

"அப்ப சேர், பெட்டி மஞ்சள்லயா இருக்கு?"

துஷாந்தின் முகம் வெளுத்துப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்காகப் போயா விடுமுறை முடியக் காத்திருந்தவர், அந்த நிமிஷமே தொலைபேசியை எடுத்துக் கொழும்புக்கு அடித்தார். பிரதாப்பின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன? பெட்டியை மஞ்சள் இடத்திலயா வச்சிருக்கீங்க? இன்ஷூரன்ஸ்காரன் அறிஞ்சா என்ன ஆகும்? உடனே பச்சை இடத்துக்கு மாத்துங்க!"

"பச்சை எடம் மேட்டு லயந்தான் சேர். அதுல ஆட்கள் இருக்காங்க."

"ஆட்களை எடுங்க."

"எடுத்து எங்க சேர் போடுறது?"

"பெட்டி இருந்த ரூம் சும்மாதானே கிடக்கும்? அதுல போடுங்க."

"அது மஞ்சள் சேர்."

"மஞ்சள் பெட்டிக்குத்தானப்பா! ஆட்களை யார் இன்ஷூர் பண்ணினது?"

பூரணி வாயைத் திறந்தாள். சோலைமலை அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவளும் கெட்டிக்காரி, மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நரிக்கல் தோட்டம் இதுவரை கண்டிராத சுறுசுறுப்பைக் கண்டது. பெட்டி நனையக்கூடாது என்பதால் மேட்டு லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் ஏறியது. சுவருக்குச் சாந்து பூசினார்கள். வெடிப்பைச் சிமெந்தால் அடைத்து அதன்மேல் விரிப்புப் போட்டார்கள். ஆட்கள் தங்கள் பாய், சட்டி, சாமிப் படங்களோடு கீழே இறங்க, அதே பாதையில் பெட்டி மேலே ஏறியது. நாலு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். கண்டாக்கு குடை பிடித்தார். சாமி ஊர்வலம் போலிருப்பதைப் பார்த்துவிட்டு அழகுமுத்து சும்மா இருப்பானா, ஓடிப்போய்த் தப்பை எடுத்துவந்து அடித்தான். துஷாந்த் கம்பிகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பெட்டி புதிய இடத்தில் நீல விளக்கைச் சிமிட்டியது. தேங்காய் உடைத்தார்கள்.

பூரணி மட்டும் மழையில் நின்று அந்தப் புதுத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் கேட்டுவந்த தகரம் அது. எத்தனை தடவை கங்காணியிடம், எத்தனை தடவை கண்டாக்கிடம் சொல்லியிருப்பாள். ஒரே காலையில் ஏற்றிவிட்டார்கள்.

"இரும்பாப் பொறந்திருக்கணும்யா," என்றாள். அவள் அழுதாள். தோட்டத்தின் மேல் சோலைமலைக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான், அதுவும் நன்றாகவே வந்தது.

அவருக்கு இன்னொரு கெடுதலும் காத்திருந்தது. பெட்டி இருக்குமிடத்தில் வாட்சர் இருக்க வேண்டும். எல்லோரும் இறங்கிவந்த லயத்துக்கு அவர் மட்டும் திரும்ப ஏறி, தன் காம்பராவின் வாசலிலேயே கம்பனி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பூரணி கூடவே வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "அந்த நாக்காலியில நீ ஒக்காந்தா நான் மடியில ஒக்காருவேன், பாத்துக்க," என்றாள். ஊர் சிரிக்கும் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார்.

மத்தியானம் துஷாந்த் பெட்டியைப் பார்க்க வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. சோலைமலையின் முதுகுக்குப் பின்னால் கதவுநிலை முனகியது. பிறகு புதுத் தகரம் தானாகவே ஒருதடவை படபடத்தது. காற்று இல்லை. சோலைமலைக்கு வீரமெல்லாம் வரவில்லை, பயம்தான் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடத்தான் எழுந்தார். இரண்டு எட்டு வைத்த பிறகு உள்ளே ஒரு தாய் பெற்ற பிள்ளை இருக்கிறதே என்ற நினைப்பு வந்து தொலைத்தது.

"சேர்! வெளிய வாங்க!"

"ஏன்? பச்சையாத்தானே இருக்கு," என்றார் துஷாந்த், திரையைக் காட்டி.

சோலைமலை உள்ளே போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார். வாட்சர் இடத்தை விட்டு நகர்வதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்று துஷாந்த் வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். பீலி வரை சொன்னார். பீலிக்கு அப்பால் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் பின்னால் மலை பேசத் தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே இறங்கி வந்தன. மேட்டு லயம் சாய்ந்தது, புதுத் தகரம் ஒருதடவை வெளிச்சமடித்தது, பிறகு அந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது.

கீழேயிருந்து பூரணி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். சோலைமலையைக் கண்டதும் முதல் வேலையாக அவர் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள். துஷாந்த் சேற்றில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முனாப் நானாதான் கடையிலிருந்து சீனி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டி செத்ததால் அலுவலகத்து இன்டர்நெட்டை நேராகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை திரைகளில் காலம் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தது. மேட்டு லயம் சிவப்பானது. போயா முடிந்தது. பெரிய தொரை கிரிக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். அந்தத் தொடரில் இலங்கை எப்போதோ தோற்றிருந்தது.

விசாரணைக்குப் பிரதாப் வந்தார். பெட்டி இன்ஷூர் செய்யப்பட்டிருந்ததால் கம்பனிக்கு நட்டமில்லை. பெட்டி அனுமதிக்கப்பட்ட பச்சை இடத்தில் இருந்தபோதே சேதமானதால் யார் மீதும் குற்றமில்லை. ஆட்களின் சட்டி பானை பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. ஆனால் புதுப் பெட்டி லொறியில் தயாராக இருந்தது.

"அதனால் இந்த அறையை நாளைக்குள் காலி செய்யணும்," என்றார் அவர், கொங்கிரீட் அறையின் வாசலில் நின்று. உள்ளே பத்துப் பன்னிரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குளிரூட்டியின் மேல் யாரோ சேலை காயப்போட்டிருந்தார்கள்.

"தாராளமா எடுத்துக்கங்க சேர்," என்றாள் பூரணி. "ஆனா இது மஞ்சளாச்சே. பெட்டிக்கு ஒன்னு ஆகிட்டா?"

பிரதாப் துஷாந்தைப் பார்த்தார். துஷாந்த் சோலைமலையைப் பார்த்தார், பிறகு தன் மடிக்கணினியைத் திறந்தார். புத்தம்புதிய பக்கம், இன்றைய திகதி.

"விதி அப்பிடித்தான் சேர். மஞ்சள்ல வைக்க ஏலாது," என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "இப்ப தோட்டத்துல பச்சை ஒரே ஒரு எடந்தான்."

"எங்கே?"

துஷாந்த் விரலை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்மலையில், பூந்தோட்டத்துக்கு நடுவில், பெரிய தொரையின் பங்களா புகைபோக்கியோடு நின்றது.

பங்களாவில் ஒழுங்காகச் சாத்தக்கூடிய கதவு தொரையின் படுக்கையறைக்குத்தான் இருந்தது. ஆகவே பெட்டி அங்கே போனது, குளிரூட்டியும் போனது. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சோலைமலை உட்கார்ந்தார். தொரையின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள். கொங்கிரீட் அறைக்கு அதன் பிறகு யாரும் ஆட்களை வெளியேற்ற வரவில்லை.

ஒரு காலையில் தொரை சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வந்தார்.

"சோலைமலை, என் கம்பளிச் சட்டை உள்ள இருக்கு."

"நேரா உள்ள போக ஏலாதுங்க தொரை. என்னா நெறம்னு சொல்லுங்க. ஒங்களுக்காக நான் போயிட்டு வாறேன்."

தொரை நிறத்தைச் சொன்னார். சோலைமலை உள்ளே போய், அவசரமில்லாமல் எடுத்துவந்து கொடுத்தார். பிறகு, ஒரு தடவை கேட்டுப் பழகிவிட்டவர் என்பதால், இன்னொரு கேள்வியும் கேட்டார்.

"எங்களுக்கு வீடு கட்டுற விஷயம் என்னாச்சுங்க தொரை?"

"கொழும்புக்கு எழுதியிருக்கு," என்றார் தொரை, போன வருஷம் சொன்ன அதே குரலில். "சமையல் அப்பு இன்னைக்கு லீவு. ஒரு தேத்தண்ணி இருக்கா?"

சோலைமலை நாற்காலிக்கு அடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, கோப்பையில் ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். தொரை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது எப்ப போட்டது?"

"முந்தாநாத்துங்க. கேட்ட ஒடனே குடுக்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன்."

"ஐஸ் மாதிரி இருக்கு!"

சோலைமலை பிளாஸ்க்கைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த காகிதத்தை ஒருதடவை நன்றாகப் பார்த்தார்.

"அப்பிடி இருக்காதே தொரை. சூடுன்னு எழுதியிருக்கே."